இசைத் தயாரிப்பைத் தொழிலாக எடுக்கும் முன் துறையினரைச் சந்திப்பது எப்படி? மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இசைத் தயாரிப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது இரண்டு விஷயங்களைத்தான்: எந்த மென்பொருளை வாங்குவது, எந்தப் படிப்பில் சேர்வது. இரண்டுக்கும் பணம் ஆகும். தனியார் நிறுவனப் படிப்புகளுக்கு லட்சக்கணக்கில் ஆகும். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன், இந்த வேலையைச் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் ஐந்தாறு பேரைச் சந்தித்துப் பேசிவிடுவது நல்லது. பேருந்துக் கட்டணத்தைத் தவிர அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் ஆயத்தம் இல்லாமல் போய் உட்கார்ந்தால், "நன்றாக உழைக்க வேண்டும் தம்பி, பொறுமை வேண்டும்" என்ற அறிவுரையோடு திரும்பி வர நேரிடும். அப்படித் திரும்பாமல், முடிவெடுக்க உதவும் தகவல்களோடு வருவது எப்படி என்பதைச் சென்னைத் திரையிசைச் சூழலை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். தனிப்பாடல், பக்திப் பாடல், விளம்பர இசை ஆகியவற்றில் இருப்பவர்களைச் சந்திப்பதற்கும் இதே முறை பொருந்தும்.

இந்தச் சந்திப்புகள் அனைத்திலும் கடைப்பிடிக்க வேண்டிய ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். துறையினரிடம் அவர்களுடைய கருத்தைக் கேட்பதைவிட, அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். "இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா?" என்று கேட்டால், அன்றைக்கு அவர் இருக்கும் மனநிலைதான் பதிலாக வரும். "நேற்று ஸ்டூடியோவுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், வீட்டுக்குப் போவதற்குள் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், அந்தத் தொழிலே உங்கள் கண்முன் விரியும்.

வேலைகளைப் பிரித்து அறிதல்

யாரையும் அழைப்பதற்கு முன், ஒரு பாடல் எத்தனை பேர் கைகளைக் கடந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இசையமைப்பாளர் மெட்டைத் தருகிறார். புரோகிராமர் அதற்குத் தாளக்கட்டு, கீபோர்டு, பேஸ், பலவகை ஒலி அடுக்குகள் ஆகியவற்றைக் கணினியில் உருவாக்குகிறார். வயலின் குழு போன்ற பெரிய வாத்தியக் குழு தேவைப்பட்டால், அதற்கான இசைக்குறிப்புகளை அரேஞ்சர் எழுதுகிறார். எந்தக் கலைஞரை எந்தக் கால்ஷீட்டில் வரவழைப்பது என்பதை ஒருங்கிணைப்பாளர் பார்த்துக்கொள்கிறார். ரெக்கார்டிங் இன்ஜினியர் வாத்தியங்களையும் குரலையும் பதிவு செய்கிறார். அதன் பிறகு குரல் எடிட்டிங், பதிந்த ஒலிகளைச் சமன்படுத்திக் கலக்கும் மிக்ஸிங், கலந்த பாடலை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் மாஸ்டரிங் என்று மூன்று நிலைகள் உண்டு. திரைப்படம் என்றால், ஆர்.ஆர். என்று இங்கே சொல்லப்படும் பின்னணி இசைப் பணியும், வசனத்தையும் ஓசைகளையும் இசையையும் ஒன்றாகக் கலக்கும் இறுதி மிக்ஸிங்கும் தனி.

இவற்றில் சிலவற்றை ஒரே ஆள் செய்வதும் உண்டு. சிறிய பட்ஜெட் பாடல்களில் எல்லாவற்றையும் ஒருவரே செய்துவிடுவார். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய குணம் வேறு, நாள் கழியும் விதம் வேறு, வருமானம் வரும் வழியும் வேறு. "மியூசிக் புரொடியூசர் ஆக வேண்டும்" என்று சொல்லும் மாணவருக்கு உண்மையில் பிடித்திருப்பது இவற்றில் எது என்பது பல நேரங்களில் அவருக்கே தெரிந்திருக்காது. சந்திப்புகளின் முதல் பயன் அதைக் கண்டுபிடிப்பதுதான்.

இந்தப் பிரிவுகள் எப்படி உருவாயின என்ற வரலாற்றையும் சற்றுப் படித்துக்கொண்டு போவது நல்லது. வாத்தியக் குழு முழுவதும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசிக்க, பாடகரும் உடன் பாட, எல்லாம் ஒன்றாக டேப்பில் பதிவான காலம் ஒன்று இருந்தது. ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து வாசித்தார்கள். மின்னணு வாத்தியங்களும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறை 1983-இல் வந்தது. ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை 1989-இல் தொடங்கினார். 1992-இல் 'ரோஜா' வெளிவந்தது. ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து, பின்னால் அடுக்கிச் செதுக்கும் முறை தமிழ்த் திரையிசையில் வேரூன்றியது அந்த ஆண்டுகளில்தான். புரோகிராமர், மிக்ஸிங் இன்ஜினியர் ஆகியோரின் இடம் பெரிதானதும் அதனால்தான். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவரைச் சந்திக்க நேர்ந்தால், அவர் இந்த மாற்றத்தின் இரண்டு கரைகளையும் பார்த்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

யாரைச் சந்திப்பது

புகழ்பெற்ற இசையமைப்பாளரின் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதாதீர்கள். அவரைச் சந்திப்பது அரிது என்பது ஒரு காரணம். அவருடைய வாழ்க்கைப் பாதை வேறு யாருக்கும் பொருந்தாது என்பது அதைவிடப் பெரிய காரணம். உங்களுக்கு வேண்டியவர்கள், யூடியூபில் பாடலுக்குக் கீழே உள்ள விவரப் பகுதியில் ஐந்தாவது ஆறாவது வரியில் பெயர் வருகிறவர்கள். தமிழ்ப் பாடல்களை வெளியிடும் நிறுவனங்கள் பலவும் புரோகிராமிங், பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங், உதவியாளர்கள், ஸ்டூடியோவின் பெயர் என்று அங்கே வரிசையாகத் தருகின்றன. உங்களுக்குப் பிடித்த பாடல்கள் இருபதை எடுத்து, அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத எழுத, சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். உங்கள் காதுக்குப் பிடித்த ஒலிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும். ரகுமானின் பல பாடல்களின் தெளிவுக்குப் பின்னால் இருந்த எச். ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளரைப் பொதுமக்களில் பலர் அறியாவிட்டாலும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள்.

பட்டியலில் பல நிலைகளில் உள்ளவர்கள் இருக்க வேண்டும். துறைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டே ஆன உதவியாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். உங்களுடைய அடுத்த மூன்று ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை அவரைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது. இருபது ஆண்டு நிலைத்து நின்ற ஒருவரும் வேண்டும். சினிமாவுக்கு வெளியே, அதாவது விளம்பரம், ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், கோயில் திருவிழாக்களின் மேடை ஒலியமைப்பு போன்றவற்றில் மாதாமாதம் வருமானம் பார்ப்பவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அவரிடம் பேசத்தான் மாணவர்கள் தயங்குகிறார்கள். என் கணிப்பில் மிகவும் பயனுள்ள சந்திப்பு அதுதான்.

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம், வளசரவாக்கம் பகுதிகளில் ஸ்டூடியோக்கள் செறிந்திருக்கின்றன. சென்னைக்கு வெளியே இருப்பவர்கள், முதலில் தம் ஊரில் பக்திப் பாடலோ நாட்டுப்புறப் பாடலோ பதிவு செய்யும் சிறிய ஸ்டூடியோவில் தொடங்கலாம். அங்கே நேரம் தாராளமாகக் கிடைக்கும். கருவிகளைத் தொட்டுப் பார்க்கவும் அனுமதிப்பார்கள்.

எப்படிக் கேட்பது

செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும். யார் நீங்கள், எதற்காக அவரை, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம் சார். நான் மதுரையில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். ஒலிப்பதிவைத் தொழிலாக எடுக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன், அந்த வேலையைச் செய்பவர்களிடம் பேசிவருகிறேன். நீங்கள் மிக்ஸிங் செய்த பாடல்களைத் தொடர்ந்து கேட்டேன். அவற்றில் தவிலும் குரலும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலிப்பதைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். வாய்ப்புக் கேட்டு வரவில்லை. இருபது நிமிடம் போதும். நேரிலோ போனிலோ உங்களுக்கு எது வசதியோ அப்படி. இந்த மாதம் முழுவதும் எந்த நாள் சொன்னாலும் வருகிறேன்."

இதில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. அவருடைய வேலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டுவது, நீங்கள் உண்மையாகவே கேட்டிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. ஆகவே எந்தப் பாடல் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். வாய்ப்புக் கேட்கவில்லை என்று சொல்வது அவருடைய தயக்கத்தைப் போக்கும். சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும். உங்கள் மெட்டுகளை இணைத்து அனுப்பாதீர்கள். சந்திப்பின் நடுவில் போனை நீட்டிக் கேட்கச் சொல்லவும் கூடாது. அவராகக் கேட்டால் மட்டும் ஒன்றே ஒன்றைக் காட்டலாம்.

பெரும்பாலான ஸ்டூடியோக்காரர்கள் இரவு வெகுநேரம் வேலை செய்பவர்கள் என்பதால், காலை எட்டு மணிக்கு அழைப்பதைத் தவிருங்கள். பட வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் யாரும் பதில் போட மாட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்களை "சார்", "மேடம்" என்று அழைப்பது இங்கே வழக்கம். இளம் உதவியாளர்கள் சீக்கிரமே "அண்ணா என்று கூப்பிடு" என்பார்கள்; அவர்கள் சொன்ன பிறகு அப்படி அழைக்கலாம்.

முதல் சந்திப்பைப் பகல் நேரத்தில், ஸ்டூடியோவிலோ பொது இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நண்பர் ஒருவரை உடன் அழைத்து வரலாமா என்று மாணவிகள் கேட்பதை எந்த நல்ல மனிதரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பின்னாளில் பயிற்சிக்குச் சேரும்போது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) பயிற்சி மாணவிகளுக்கும் பொருந்தும் என்பதையும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதையும் அறிந்திருங்கள். வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

போவதற்கு முன் படிக்க வேண்டியவை

இணையத்தில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் விளக்கத்தை, இருபது நிமிடம் ஒதுக்கித் தந்தவரிடம் கேட்பது அவருடைய நேரத்தை வீணாக்குவது. சாம்பிள் ரேட் என்றால் என்ன, குறுந்தகட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸும் படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸும் ஏன் வழக்கத்தில் வந்தன, ஸ்டெம் என்பது எது, கம்ப்ரஸரும் ஈக்வலைஸரும் என்ன செய்கின்றன என்ற அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். பஃபர் (கணினி ஒலியைக் கையாளும் முன் சேர்த்து வைக்கும் பகுதி) அளவு 128 சாம்பிள் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 2.7 மில்லி நொடி தாமதம் என்று கணக்குப் போடத் தெரிந்த மாணவரோடு ரெக்கார்டிங் இன்ஜினியர் பேசும் விதமே மாறிவிடும். பாடகருக்குத் தம் குரல் ஹெட்போனில் சற்றே பிந்திக் கேட்டால் பாட்டு எப்படித் தடுமாறும் என்பதை அவரே விளக்கத் தொடங்குவார்.

படித்தால் மட்டும் போதாது. கொஞ்சமாவது செய்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒலியைப் பதிந்து திருத்தும் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். வீட்டில் உள்ள ஒருவரைப் பாட வைத்து, போனிலேயே பதிவு செய்து, அதில் ஏற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். மின்விசிறி இரைச்சலும் தெருவில் போகும் ஆட்டோவின் சத்தமும் குரலோடு எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு முறை அனுபவித்தவருக்குக் கேள்விகள் தாமாகவே வரும்.

என்ன கேட்பது

இதுதான் முக்கியமான பகுதி. இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

முதல் கேள்வி நேற்றைய நாளைப் பற்றியதாக இருக்கட்டும். குரல் எடிட்டிங் செய்யும் உதவியாளர் ஒருவரிடம் பேச்சு எப்படிப் போகலாம் என்பதற்குக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு (டேக் என்பது ஒரு முறை பாடிப் பதிந்தது):

"நேற்று என்ன வேலை சார்?"

"ஒரு டூயட். ஆண் குரல் மட்டும் முடிந்தது."

"முடிந்தது என்றால், எங்கே தொடங்கி எங்கே முடிந்தது?"

"பல்லவிக்கு மட்டும் பதினோரு டேக் இருந்தது. அதிலிருந்து எடுத்து ஒன்றாக்கினேன்."

"எந்த டேக் என்பதை நீங்கள் முடிவு செய்வீர்களா, இசையமைப்பாளரா?"

"முதலில் நான். அவர் கேட்டுவிட்டு இரண்டு இடத்தை மாற்றச் சொன்னார்."

"மாற்றச் சொன்னதற்குக் காரணம் சொன்னாரா?"

இரண்டாவது கேள்வியை விட்டிருந்தால் "டூயட்" என்ற ஒரு சொல்லோடு உரையாடல் நின்றிருக்கும். பொதுவான சொல் ஒன்று வரும்போதெல்லாம், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பழக வேண்டும். அப்படிக் கேட்டால், பதினோரு டேக்கிலிருந்து வரி வரியாகவும், சில இடங்களில் சொல் சொல்லாகவும் வெட்டி ஒட்டுவது; ஒட்டிய இடத்தில் சிறு சொடுக்கு கேட்காதபடி ஒலியை இழைத்துவிடுவது; எந்த மூச்சைக் குறைப்பது, எந்த மூச்சை உணர்ச்சிக்காக அப்படியே விடுவது என்று முடிவு செய்வது; 'ஸ', 'ஷ' போன்ற சீறும் ஒலிகள் காதைக் குத்தாமல் அடக்குவது என்று வேலை ஒவ்வொன்றாக வெளிவரும். ஆறு மணி நேரம் ஒரே நாற்காலியில் ஒரே நான்கு வரியைக் கேட்டுக்கொண்டிருப்பது உங்களுக்கு மகிழ்ச்சி தருமா, சலிப்புத் தருமா என்று அப்போது உங்களையே கேட்டுக்கொள்ள முடியும்.

நம் இசைக்கே உரிய சிக்கல்களைக் கேளுங்கள்; வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களில் அவற்றுக்கு விடை கிடைப்பது அரிது. சுருதி திருத்தும் மென்பொருள்கள், குரல் ஒரு ஸ்வரத்தில் நேராக நிற்கும் என்ற எதிர்பார்ப்போடு வேலை செய்கின்றன. கர்நாடக இசை பயின்றவர் பாடும் கமகத்தில் குரல் ஸ்வரங்களுக்கு இடையே அசைந்துகொண்டே இருக்கும். மென்பொருளை அதன் போக்கில் விட்டால், அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு தட்டையாக்கிவிடும். எந்த இடத்தைக் கையால் திருத்துகிறார்கள், எந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள், அதைத் தீர்மானிக்க எவ்வளவு இசை ஞானம் வேண்டும் என்று கேட்டால், "இன்ஜினியருக்குப் பாட்டுத் தெரிய வேண்டுமா?" என்ற பொதுக் கேள்விக்கு உறுதியான விடை கிடைத்துவிடும். நாதஸ்வரம் போன்ற உரத்த வாத்தியத்துக்கு மைக்கை எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் வைக்கிறார்கள்? தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய பறையின் தோல், குளிரூட்டிய அறையில் டேக்குகளுக்கு இடையே தளர்ந்தால் என்ன செய்கிறார்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் துறையினர் ஆர்வத்தோடு பதில் சொல்வார்கள். இவை அவர்கள் சொந்தமாகச் செய்து பார்த்துக் கற்றவை.

மாஸ்டரிங் செய்பவரைச் சந்தித்தால், ஒலி அளவைப் பற்றிக் கேளுங்கள். ஸ்பாட்டிஃபை இயல்பு அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமன்படுத்தி ஒலிக்கச் செய்கிறது. அப்படியிருந்தும் வாடிக்கையாளர் "இன்னும் சத்தமாக வேண்டும்" என்று கேட்டால் அவர் என்ன செய்கிறார் என்று விசாரியுங்கள். தொழில்நுட்பம் சொல்வதும் பணம் கொடுப்பவர் கேட்பதும் முரண்படும் இடம் அது. அங்கே அவர் எப்படிப் பேசிச் சமாளிக்கிறார் என்பதும் தொழிலின் ஒரு பகுதிதான்.

தொடக்க கால உதவியாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. முதல் வாய்ப்பு யார் மூலம் வந்தது? முதல் ஆறு மாதம் என்னென்ன வேலை கொடுத்தார்கள்? கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்குவது, ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து வைப்பது, கேபிள்களைச் சுருட்டுவது, கலைஞர்களுக்கு டீ வாங்கி வருவது ஆகியவையும் பதிலில் வரும். வந்தால் முகம் சுளிக்காதீர்கள். ஸ்டெம்களை, அதாவது தனித்தனி ஒலி அடுக்குகளின் கோப்புகளை, ஒரே நீளத்தில், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, தெளிவான பெயர்களோடு அனுப்பத் தெரிந்த உதவியாளரை எந்த மிக்ஸிங் இன்ஜினியரும் மறுபடி கூப்பிடுவார். எந்த மாதங்களில் வேலை இருப்பதில்லை, அப்போது வாடகை எப்படிக் கட்டுகிறார் என்றும் பணிவாகக் கேட்கலாம்.

வருமானத்தை நேரடியாக "எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று கேட்பது நம் ஊரில் மரியாதையில்லை. "புதிதாக வருபவர் ஒருவருக்கு ஒரு பாடலின் எடிட்டிங்குக்கு எவ்வளவு கிடைக்கும், அதைப் பாடலுக்கு இவ்வளவு என்று பேசுவார்களா, கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்றா, மாதச் சம்பளமா? பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தொகையைவிட அது வந்து சேரும் காலம்தான் பலரைத் துறையைவிட்டு வெளியேற்றுகிறது.

உரிமையைப் பற்றி ஓரளவு சட்டம் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. தம் வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் அந்த உரிமையை அவர்கள் எழுதிக்கொடுக்க முடியாது. அந்தத் தொகையை வசூலித்துப் பிரித்துத் தர 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு, புரோகிராமருக்கோ மிக்ஸிங் இன்ஜினியருக்கோ அந்த வேலைக்காக மட்டும் தானாகக் கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் பேசிய கூலியோடு முடிந்துவிடும். ஆகவே, மெட்டின் ஒரு பகுதியைத் தாமே உருவாக்க நேர்ந்தபோது அதை எழுத்தில் பதிந்தார்களா, பெயர் எங்கே எப்படி வந்தது என்று புரோகிராமர்களிடம் கட்டாயம் கேளுங்கள். இளம் கலைஞர்களின் உழைப்பு பெயரின்றிக் கரைந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. துறைக்குள் வருவதற்கு முன்பே இதைக் கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்று வந்தால் நிலைமை சற்று மாறும் என்று நம்புகிறேன்.

உடல்நலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. 85 டெசிபல் அளவில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம்தான். செவித்திறனை நம்பிப் பிழைப்பவர்கள் எவ்வளவு சத்தத்தில் வேலை செய்கிறார்கள், எப்போது இடைவெளி விடுகிறார்கள், தூக்கத்தை எப்படிச் சரிக்கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

சந்திப்பு நடக்கும்போது

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள்; காத்திருக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் காத்திருங்கள். உள்ளே நுழையும் முன் போனை அமைதியாக்கிவிடுங்கள். ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா என்று முதலிலேயே கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாடல் இன்னும் வெளிவராததாக இருக்கலாம். அதைப் பற்றி நண்பர்களிடமும் வாய் திறக்கக் கூடாது. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. அந்த ஒரு படத்தால் உங்களை உள்ளே விட்டவரின் வேலையே போகக்கூடும்.

இருபது நிமிடம் ஆனதும் நீங்களாகவே எழுந்திருங்கள். அவர் "இருங்கள், இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்" என்று ஸ்பீக்கரில் எதையாவது போட்டுக் காட்டத் தொடங்கினால், அதுதான் அந்த நாளின் சிறந்த பாடமாக இருக்கும். அப்போது குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கிளம்பும்போது, வேறு யாரைப் பார்த்தால் நல்லது என்று ஒரு பெயர் மட்டும் கேளுங்கள். "இன்னார் சொல்லி அனுப்பினார்" என்று தொடங்கும் செய்திக்குப் பதில் விரைவில் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே குறிப்புகளை விரித்து எழுதிவிடுங்கள். அவர் செய்ததாகச் சொன்னவை ஒரு பக்கம், அவர் கருத்தாகச் சொன்னவை எதிர்ப் பக்கம் என்று பிரித்து எழுதினால், பின்னால் ஒப்பிடுவது எளிது. ஐந்து சந்திப்புகள் முடிந்ததும் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் காண்பீர்கள். ஒருவர் படிப்பு வீண் என்பார். மற்றவர் படிப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பார். அவரவர் வந்த வழியை, செய்தவற்றை எழுதிய பக்கத்தில் தேடிப் பாருங்கள். யார் எந்த ஆண்டு, எந்த வேலைக்கு, யாருடைய அறிமுகத்தோடு வந்தார்கள் என்று சேர்த்துப் பார்த்தால் முரண்பாட்டின் காரணம் புரியும்.

படிப்பைப் பொறுத்தவரை என் கருத்து இது. புரோகிராமிங் பக்கம் போக விரும்புகிறவருக்கு இசைக் கல்வியும் கீபோர்டுப் பயிற்சியும் முதலில். ரகுமான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களை அதற்காகப் பரிசீலிக்கலாம். ஒலிப்பதிவும் திரைப்பட மிக்ஸிங்கும் ஈர்ப்பவர்கள், தனியார் படிப்புக்குப் பணம் கட்டும் முன் அரசு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்க வேண்டும். தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரி ஆகிய மூன்றிலும் ஒலித்துறைப் படிப்பு உண்டு. 2009-இல் ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். தனியார் நிறுவனம்தான் என்று முடிவானால், அங்கே சென்ற ஆண்டு படித்து முடித்த இருவரைத் தேடிப் பிடித்து, இதே முறையில் சந்தித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் கேட்டவற்றில் உங்களை அதிகம் ஈர்த்த வேலை எதுவோ, அதை ஒரு மாதம் வீட்டில் செய்து பாருங்கள். குரல் எடிட்டிங் என்றால், தெரிந்த பாடகர் ஒருவரின் பல டேக்குகளை வாங்கி முழுப் பாடலையும் ஒட்டி முடியுங்கள். பதிவு என்றால், உள்ளூர்க் கோயிலில் வாசிக்கும் தவில் கலைஞரிடம் அனுமதி பெற்று, இருக்கும் கருவியை வைத்துப் பத்து வெவ்வேறு இடங்களில் மைக்கை வைத்துப் பதிந்து, வேறுபாட்டைக் கேட்டு எழுதுங்கள். இரண்டாவது வாரத்தில் சலிப்புத் தட்டுகிறதா, நேரம் போனதே தெரியவில்லையா என்று பாருங்கள். சலிப்புத் தட்டினால் துறையையே விட்டுவிட வேண்டியதில்லை; பட்டியலில் உள்ள அடுத்த வேலையைச் செய்து பார்க்கலாம்.

பெற்றோரிடம் பேசும்போது இந்த நோட்டு உதவும். முதல் மூன்று ஆண்டு எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கலாம், அதுவரை என்ன பகுதிநேர வேலை செய்யப் போகிறீர்கள், எந்த ஆண்டுக்குள் எந்த நிலையை எட்டாவிட்டால் வேறு வழி பார்ப்பீர்கள் என்று நீங்கள் நேரில் கேட்டறிந்த விவரங்களை வைத்துச் சொன்னால், "சினிமாவெல்லாம் நமக்கு எதற்கு?" என்ற ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடாது. முடிந்தால் உங்களுக்கு நன்றாகப் பழக்கமான துறையினர் ஒருவரைப் பெற்றோரிடம் பேச வையுங்கள்.

சந்தித்த ஒவ்வொருவருக்கும் மறுநாளே நன்றி அனுப்புங்கள்; அவர் சொன்னதில் எது உங்களுக்கு உதவியது என்று ஒரு வரியாவது அதில் இருக்கட்டும். ஒரு மாதச் சோதனை முடிந்ததும் மீண்டும் ஒருமுறை எழுதி, என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், இரண்டாவதாகச் சந்திக்க அரை மணி நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் பதிவுகளைக் கொண்டுபோய்க் கேட்கவைத்துத் திருத்தம் கேட்க வேண்டிய சந்திப்பு அந்த இரண்டாவதுதான்.